தொட்டியைப் பறிகொடுத்த மாடு

டிசம்பர் வந்தால் ஸ்டார் கட்டுகிறார்கள், குடில் வைக்கிறார்கள், கேக் விற்கிறார்கள். கூடவே குழந்தைகளுக்கான படப் புத்தகங்களும் கடைக்கு வருகின்றன. அதில் ஒரு வகை, ஏசு பிறந்த கதையைத் தொழுவத்தில் இருந்த ஏதோ ஒரு மிருகத்தின் பக்கம் நின்று சொல்வது. மாடு சொல்லும், கழுதை சொல்லும், ஆடு சொல்லும், எலி கூடச் சொல்லும். இந்த வகைப் புத்தகங்கள் மேல் எனக்கு ஒரு பெரிய புகார் இருக்கிறது. அதைக் கொட்டத்தான் இந்தக் கட்டுரை.

புகாரை முதலிலேயே சொல்லி விடுகிறேன். அந்தப் புத்தகங்களில் மாடு மாடாக இல்லை.

"பி.காம் படிக்கிறவனுக்கு இது எதுக்குடா?" என்று கிளாஸில் கேட்பீர்கள். கேளுங்கள். இது பைபிள் வகுப்பு விஷயம் மாதிரி தெரிந்தாலும் அடியில் ஒரு அக்கவுண்ட்ஸ் விஷயம் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் முதல் மாதமே படித்தோமே, பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. ஒருத்தருக்கு ஒன்று கிடைத்தது என்றால் இன்னொருத்தர் கொடுத்திருக்க வேண்டும். அந்த ராத்திரி குழந்தைக்கு ஒரு தொட்டில் கிடைத்தது. கொடுத்தது யார்? மாடு. தொட்டில் என்று நாம் சொல்வது மாட்டின் சாப்பாட்டுத் தட்டு ஐயா! அதற்குள் யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார்கள். இந்தப் பதிவு எந்தப் புத்தகத்திலும் ஒழுங்காக எழுதப்படவில்லை என்பதுதான் என் வழக்கு.

சும்மா பொத்தாம்பொதுவாகத் திட்டக்கூடாது என்பதால் உதாரணம் சொல்கிறேன். மார்ட்டின் வாடெல் எழுதி ஜேசன் காக்கிராஃப்ட் படம் வரைந்த 'ரூம் ஃபார் எ லிட்டில் ஒன்' என்ற புத்தகம் 2004-ல் வந்தது. அதில் ஒரு அன்பான மாடு. முதலில் நாய் வருகிறது, உள்ளே வா என்கிறது மாடு. பூனை வருகிறது, நீயும் வா. எலி வருகிறது, நீயும் வா. கடைசியில் களைத்துப் போன கழுதை, கூடவே மரியாள், யோசேப்பு. எல்லாருக்கும் இடம் இருக்கிறது. நாய் பூனையைத் துரத்தவில்லை, பூனை எலியைத் தொடவில்லை. கெட்ட புத்தகம் என்று சொல்ல மாட்டேன். வந்தவரை உள்ளே கூப்பிடு என்பது நல்ல பாடம்தான்.

அதற்கு முன்னால் 1981-ல் டோமி டிபாவ்லா 'தி ஃபிரெண்ட்லி பீஸ்ட்ஸ்' என்று ஒரு பழைய கரோல் பாட்டுக்குப் படம் போட்டுப் புத்தகமாக்கினார். அதில் ஒவ்வொரு மிருகமும் தான் என்ன கொடுத்தேன் என்று சொல்கிறது. கழுதை தாயைச் சுமந்தது, பசு தன் தொட்டியையும் வைக்கோலையும் கொடுத்தது, ஆடு கம்பளி கொடுத்தது, புறா தாலாட்டியது. அப்புறம் 2017-ல் 'தி ஸ்டார்' என்று அனிமேஷன் படமே வந்தது. அதில் போ என்ற கழுதைதான் ஹீரோ. சேஸிங், காமெடி எல்லாம் உண்டு.

இவற்றில் எல்லாம் பொதுவாக ஒன்று இருக்கிறது. மிருகங்கள் சிரித்த முகத்தோடு கொடுக்கின்றன. கொடுத்ததால் அவற்றுக்கு ஒன்றும் குறைவதில்லை.

சரி, மூலக் கதைக்குப் போவோம். நான்கு சுவிசேஷங்களில் ஏசுவின் பிறப்பைச் சொல்வது மத்தேயுவும் லூக்காவும் மட்டும்தான். இரண்டிலும் தொழுவத்தில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. மரியாள் கழுதை மேல் உட்கார்ந்து வந்தார் என்பதும் இல்லை. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் சுமார் 150 கிலோமீட்டர், எப்படி வந்தார்கள் என்று லூக்கா சொல்லவே இல்லை. அவர் சொல்வது தொட்டியை மட்டும். இரண்டாம் அதிகாரத்தில் மூன்று தடவை அந்தத் தொட்டி வருகிறது. சர்ச்சுகளில் வாசிக்கிற பழைய பைபிளில் அதற்கு 'முன்னணை' என்று ஒரு அழகான சொல். கத்தோலிக்கர்களின் பொது மொழிபெயர்ப்பில் நேராகவே 'தீவனத் தொட்டி'. தொட்டி இருந்தால் மாடும் இருந்திருக்கும் என்பது நம் ஊகம்.

"பார்த்தியா, பைபிளில் மாடே இல்லை, அப்புறம் மாடு சொல்கிற கதை எதுக்கு?" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். நான் அந்தக் கோஷ்டி இல்லை. 2012-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் தன் புத்தகத்தில் சுவிசேஷத்தில் மிருகங்கள் கிடையாது என்று எழுதியபோது, குடிலிலிருந்து மாட்டை எடுக்கச் சொல்லிவிட்டார் என்று செய்தி பரவியது. அவர் சொன்னது அப்படி இல்லை. எந்தக் குடிலும் மாட்டையும் கழுதையையும் விட்டுக்கொடுக்காது என்று சேர்த்தே எழுதியிருந்தார். மாடு இருக்கட்டும். எனக்கும் மாடு வேண்டும். எப்படிப்பட்ட மாடு என்பதில்தான் சண்டை.

இந்த மாடும் கழுதையும் கதைக்குள் எப்படி வந்தன தெரியுமா? பழைய ஏற்பாட்டில் ஏசாயா புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், மூன்றாவது வசனத்தில். மாடு தன்னை வளர்ப்பவனை அறியும், கழுதை எஜமானின் தொட்டியை அறியும், என் ஜனத்துக்கு மட்டும் அறிவில்லை என்று கடவுள் புலம்புகிற இடம் அது. சுத்தமான வசவு. "மாட்டுக்கு இருக்கிற அறிவு கூட உனக்கு இல்லையேடா" என்று வீட்டில் நாம் வாங்கிக் கட்டிக்கொள்வோமே, அதே வசவு! அந்த வசனத்தை லூக்காவின் தொட்டியோடு முடிச்சுப் போட்டுத்தான் ஆதி கிறிஸ்தவர்கள் மாட்டையும் கழுதையையும் உள்ளே கொண்டு வந்தார்கள். மிலானில் புனித அம்புரோஸ் கோவிலில் நான்காம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் செதுக்கலில் துணி சுற்றிய குழந்தையும் மாடும் கழுதையும் மட்டும். அம்மா இல்லை, அப்பா இல்லை, மேய்ப்பர்கள் இல்லை. மிருகங்களுக்கு அவ்வளவு முக்கியத்துவம்.

பின்னால் லத்தீனில் எழுதப்பட்ட 'பொய் மத்தேயு' என்கிற தள்ளுபடி நூல் அந்த இரண்டையும் குழந்தையை வணங்க வைத்தது. 1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற இடத்தில் அசிசி பிரான்சிஸ் நிஜ மாடு, நிஜ கழுதை, நிஜ வைக்கோல் வைத்துக் குடில் போட்டார். இன்றைக்குக் குடில் வைக்கிற வழக்கம் பரவ அதுதான் பெரிய காரணம். (இரட்டைப் பதிவு முறையை 1494-ல் அச்சில் விளக்கிய நம்ம லூக்கா பாசியோலியும் பிரான்சிஸ்கன் துறவிதான். அவரிடம் விட்டிருந்தால் மாட்டுக்கு ஒழுங்காக வரவு வைத்திருப்பார் :-))

ஆக, மனுஷனைக் குத்திக் காட்டுவதற்காக உள்ளே வந்த மிருகங்கள் இவை. வசவாக ஆரம்பித்ததைத் தாலாட்டாக மாற்றி விட்டார்கள். என் புகார்களை இனி வரிசையாக வைக்கிறேன்.

முதல் புகார். மாட்டுக்கு நஷ்டமே இல்லை. நம் ஊர்ப் பக்கம் மாடு வைத்திருக்கிற எந்த வீட்டுப் பிள்ளையையும் கேளுங்கள். நாள் முழுக்க உழுதுவிட்டு வந்த மாடு வைக்கோலைத் தின்றுவிட்டு ராத்திரி படுத்து அசை போட வேண்டும். தொட்டியில் தீனி இல்லை என்றால் கத்தும், கயிற்றை இழுக்கும், கொம்பால் தொட்டியை முட்டும். அந்தத் தொட்டியில் அன்றைக்கு ஒரு பிள்ளை கிடக்கிறது. மாட்டுக்குப் பசிக்காதா? பசியைச் சொல்லாமல் மாட்டைச் சிரிக்க வைத்தால், கொடுப்பது என்றால் என்ன என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? வேண்டாத பழைய சட்டையைக் கொடுப்பதும் தன் சோற்றைக் கொடுப்பதும் ஒன்று என்றல்லவா நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது புகார். மாட்டுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பிறந்தது யார், பின்னால் என்ன ஆகும், நட்சத்திரம் எதற்கு, எல்லாம். அப்புறம் எதற்கு மாட்டின் பார்வை? சண்டே கிளாஸ் டீச்சருக்கு ஒரு வால் ஒட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு கதையை மிருகத்தின் கண்ணால் சொல்வதற்கு ஒரே ஒரு நியாயம்தான் இருக்க முடியும். மிருகத்துக்குப் பெயர் தெரியாது, பதவி தெரியாது, ஜாதி தெரியாது. மாடு பார்ப்பது ஒரு களைத்த பெண், பதறுகிற ஒரு ஆள், ரத்த வாடை, அழுகிற ஒரு குட்டி. அவ்வளவுதான். யாரென்று தெரியாமலே அது இடம் கொடுத்தால்தான் அது பெரிய விஷயம். ராஜா என்று தெரிந்து இடம் கொடுப்பதற்கு மாடு எதற்கு? மந்திரிகளே கொடுப்பார்களே.

பீங்கான் பொம்மை எப்படிச் செய்கிறார்கள் என்று விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் ஒரு படலம் பிடித்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றி விடுவார்கள். வெளியே பார்த்தால் முழு மாடு, உள்ளே காற்று. பொம்மைக்கு அது போதும். கதை சொல்கிற மாட்டுக்குப் போதாது.

மூன்றாவது புகார்தான் எனக்கு முக்கியமானது. கதவைச் சாத்தியவர்கள் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். ஏன் அந்தக் குடும்பம் ஊர் விட்டு ஊர் வந்தது? லூக்கா தெளிவாகச் சொல்கிறார், ரோமப் பேரரசர் அகுஸ்து போட்ட குடிமதிப்பு உத்தரவு. அந்தக் காலத்தில் தலைக் கணக்கு எடுப்பது வரி போடத்தான். (இந்தக் கணக்கெடுப்பு எந்த வருஷம் என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் பெரிய சண்டை உண்டு. அது தனிக் கதை.) நிறைமாதக் கர்ப்பிணியை ரோட்டில் இறக்கியது ஒரு அரசாங்க உத்தரவு. இது எந்த மாடு சொல்கிற புத்தகத்திலும் ஒரு வரிக்கு மேல் இருக்காது.

சத்திரத்தில் இடம் இல்லை என்பதையும் பாருங்கள். லூக்கா போட்ட கிரேக்கச் சொல் 'கட்டலூமா'. கடைசி இராப்போஜனம் நடந்த அறைக்கும் அவர் அதே சொல்லைத்தான் போடுகிறார். நல்ல சமாரியன் கதையில் நிஜமான சத்திரம் வருகிறது, அங்கே வேறு சொல். அதனால் இது வீட்டில் விருந்தாளிகள் தங்கும் அறையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தக் காலத்து வீடுகளில் மாடு கட்டும் இடமும் வீட்டோடு சேர்ந்தே இருக்கும். அப்படியானால் யோசித்துப் பாருங்கள். கதவைச் சாத்தியது முன்பின் தெரியாத ஒரு சத்திரக்காரன் கூட இல்லை, சொந்தபந்தமாகவே இருக்கலாம். பெரிய ரூம் பெரிய விருந்தாளிக்குப் போய்விட்டது, பிள்ளைத்தாய்ச்சிக்கு மாடு கட்டும் இடம். கல்யாண வீட்டில் நாம் பார்க்காததா இது?

அடுத்து வசதி. குழந்தை பிறந்து நாற்பதாவது நாள் கோவிலில் காணிக்கை செலுத்தப் போகிறார்கள். சட்டப்படி ஒரு ஆட்டுக்குட்டி கொடுக்க வேண்டும். முடியாத ஏழைகளுக்கு மட்டும் சலுகையாக இரண்டு புறா. லூக்கா எழுதி வைத்திருப்பது புறா. ஒரே வரியில் அந்தக் குடும்பத்தின் முழு பேலன்ஸ் ஷீட்டும் வந்துவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள். ஏசு பிறந்த கதையில் லூக்கா நிஜமாகவே குறிப்பிடும் மிருக பறவைகள் இரண்டே இரண்டுதான். மேய்ப்பர்களின் மந்தை, இந்தப் புறாக்கள். கரோல் பாட்டில் கூரை மேல் உட்கார்ந்து தாலாட்டுகிற புறா, லூக்காவில் பலிபீடத்துக்குப் போகிறது. எவ்வளவு தூரம் நாம் தள்ளி வந்துவிட்டோம் பாருங்கள்.

மத்தேயுவில் ஏரோது ராஜா பெத்லகேமின் இரண்டு வயசுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான். குடும்பம் ராவோடு ராவாக எகிப்துக்கு ஓடுகிறது. அகதிகளாக. படப் புத்தகம் அதற்கு முன்பே குட் நைட் சொல்லி முடிந்துவிடும்.

"குழந்தைப் புத்தகம்டா, இதையெல்லாம் அதில் எப்படிப் போடுவது? பயந்துக்கும்ல" என்பீர்கள். ரத்தத்தைப் படம் போடச் சொல்லவில்லை. எந்தக் குழந்தைக்குப் பயம் என்று மட்டும் கேட்கிறேன். கரும்பு வெட்ட, செங்கல் அறுக்க ஊர் ஊராகப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள் கொட்டகையில்தான் தூங்குகிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தொழுவம் என்பது தங்க வெளிச்சம் அடிக்கிற அழகான இடம் இல்லை. கொசு, ஈரத் தரை, சாணி நாற்றம். தொழுவம் எவ்வளவு சுகம் பார் என்று சொல்கிற புத்தகத்தை அந்தப் பிள்ளை கையில் கொடுத்தால் அது நம்மைப் பற்றி என்ன நினைக்கும்? உள்ளதைச் சொல்கிற புத்தகத்தைக் கொடுத்தால், "அட, இது நம்ம கதை" என்று நினைக்கும். பயப்படுவது கொட்டகையைப் பார்க்காத பிள்ளைதான். அது கொஞ்சம் பயப்படட்டுமே, தப்பில்லை.

குழந்தைகளுக்கு விலையைச் சொல்லியும் கதை சொல்ல முடியும். 1978-ல் டிஸ்னி எடுத்த 'தி ஸ்மால் ஒன்' என்ற குறும்படத்தைப் பாருங்கள். வயசான கழுதை, இனி சுமை தாங்காது. விற்றுவிட்டு வா என்று அப்பா பையனிடம் சொல்லிவிடுகிறார். தோல் பதனிடுகிறவன் ஒரு வெள்ளிக்காசு தருகிறேன் என்கிறான், தோலுக்காக. பையன் ஓடி விடுகிறான். சந்தையில் எல்லாரும் கேலி செய்கிறார்கள். கடைசியில் அதே ஒரு வெள்ளிக்காசுக்கு யோசேப்பு வாங்கிக்கொள்கிறார். கொல்லவும் அதே விலை, வாழ வைக்கவும் அதே விலை! கழுதைக்கு அங்கே உயிர் பணயம். பார்க்கிற குழந்தைக்கும் அது புரியும். அதுவும் குழந்தைகளுக்கு எடுத்ததுதானே.

"உனக்கு என்ன அக்கறை, அது அவங்க மத விஷயம்" என்று இன்னொருத்தர் வருவார். விருத்தாசலம் பக்கம் இருந்துகொண்டு இப்படிக் கேட்கக் கூடாது. இங்கே பக்கத்தில் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவில் இருக்கிறது. விருத்தாசலம் கோவில் அம்மனுக்கும் பெரியநாயகி என்று பெயர். கோணான்குப்பத்தில் மாதாவுக்கு அந்தப் பெயரோடு கோவில் எழுப்பியவர் வீரமாமுனிவர், 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். யோசேப்பை வளன் என்று தமிழ்ப் பெயரிட்டு நாயகனாக்கி, 3,615 பாடல்களில் 1726-ல் தேம்பாவணி பாடினார். யூதேயாவைத் தமிழ் நாட்டு வயலும் சோலையுமாகவே பாடினார். முந்நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கதை நம் மண்ணுக்கு வந்தாயிற்று. வேறு யாரோ வீட்டுக் கதை என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அதே வீரமாமுனிவர்தான் பரமார்த்த குரு கதையும் எழுதினார். அதில் வருகிற வாடகை மாடு ஞாபகம் இருக்கிறதா? வெயில் தாங்காமல் குரு மாட்டின் நிழலில் உட்காருகிறார். மாட்டுக்காரன் நிழலுக்கும் தனியாக வாடகை கேட்கிறான், வழக்கு ஊர்ப் பெரியவரிடம் போகிறது. மாடு என்றால் வாடகை, நிழல், தகராறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் படப் புத்தகக்காரர்களுக்குத் தெரியவில்லை.

நம் கடைகளில் கிடைப்பது என்ன? வெளிநாட்டுப் படம், அல்லது அதைப் பார்த்துப் போட்ட படம். புசுபுசு கம்பளி ஆடு. தமிழ்நாட்டில் பெரும்பாலான செம்மறிகளுக்குக் கம்பளியே கிடையாது, மேச்சேரி ஆட்டைப் பார்த்தால் தெரியும். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை போட்டு, பட்டிக்குப் பக்கத்தில் கம்போடு காவல் இருக்கிற கீதாரியை நமக்குத் தெரியும். லூக்கா சொல்கிற மேய்ப்பர்கள் ஆள் அப்படியே அவர்தான். கழுதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியோடு தெருத்தெருவாக ஓட்டி வந்து, பிறந்த குழந்தை இருக்கிற வீடாகப் பார்த்துக் கழுதைப்பால் விற்பார்கள். டாக்டர்கள் கொடுக்காதே என்பார்கள், சரிதான். ஆனால் பிறந்த குழந்தைக்கும் கழுதைக்கும் நிஜமான ஒரு உறவு இருக்கிற ஊர் இது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கச் சுமார் 3.2 லட்சம் கழுதைகள். 2019-ல் சுமார் 1.2 லட்சம்தான். நிஜக் கழுதை குறையக் குறைய, புத்தகத்தில் சிரிக்கிற கழுதை பெருகுகிறது.

மொழியும் அப்படித்தான். கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களுக்கு ஒரு அகராதியே தொகுத்துக் கொடுத்த வட்டாரம் இது. மாட்டுக்குக் கழுநீர் காட்டுகிற குளுதாடி என்ற சொல் ஒரு குழந்தைப் புத்தகத்தில் வந்தால் என்ன குறைந்துவிடும்?

படம் வரைகிறவர்கள், கதை எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மாட்டைப் பேச வைக்க வேண்டாம். அதற்கு வேதம் தெரிய வேண்டாம். அன்று வழியில் கூட்டம் அதிகம், எல்லாரும் கணக்குக் கொடுக்கப் போகிறார்கள், உழுதுவிட்டு வந்தோம், யாரோ உள்ளே வந்தார்கள், தொட்டியில் ஏதோ ஒரு குட்டி அழுகிறது, அது தூங்கட்டும் என்று நின்றபடியே ராத்திரியைக் கழித்தோம். இவ்வளவு தெரிந்தால் போதும். மிச்சத்தைக் குழந்தையே கேட்டுக்கொள்ளும், "ஏம்மா, அவங்களுக்கு வீட்ல ஏன் இடம் கொடுக்கல?" என்று. அந்தக் கேள்வியை வரவழைக்காத புத்தகம் எத்தனை கலர் அடித்திருந்தாலும் வீண்.

அன்றைக்கு ராத்திரி மாட்டுக்குப் பசித்தது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். போதும்.